அறுபத்து நான்கு சைபர்கள்

எண்பதுகளின் நடுவில் ஒரு தை மாதம். நான் ஏழு மாத கர்ப்பிணி. மெட்ராஸில் ஒரு கம்ப்யூட்டர் மையத்தில் எனக்கு வேலை. வார நாட்களில் அங்கேயே பெண்கள் விடுதியில் தங்கிவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் ரயிலேறி விழுப்புரத்துக்கு வருவேன். என் கணவருக்கு விழுப்புரம் ஜங்ஷனில் சிக்னல் பிரிவில் வேலை. ரயில்வே குவார்ட்டர்ஸில்தான் எங்கள் குடித்தனம். ஏழாம் மாதம் பிறந்ததும் கால் இரண்டும் வீங்கி, செருப்புப் போட முடியாமல் போயிற்று. டாக்டரம்மா பார்த்துவிட்டு, “ரயில்ல அலையறத இத்தோட நிறுத்திக்கோ” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டோடு இருந்தேன்.

விடுப்பில் வரும்போது எனக்குள் கொஞ்சம் கர்வம் இருந்தது. அதற்குக் காரணம் நான் அக்டோபரில் செய்து முடித்திருந்த ஒரு வேலை.

எங்கள் மையத்தில் இருந்தது ஒரு ஹாலை முழுதாக அடைத்துக்கொண்டு நிற்கும் பெரிய மெஷின். அந்த ஒரே மெஷினில் நாலைந்து சிஸ்டங்கள் ஒரே சமயத்தில் ஓடும். ஒவ்வொன்றும் மெஷின் முழுவதும் தனக்கே சொந்தம் என்ற நினைப்பில் வேலை செய்துகொண்டிருக்கும். அவை எல்லாவற்றுக்கும் அடியில் வேறொரு புரோகிராம் உட்கார்ந்து, இருக்கிற கொஞ்சநஞ்ச மெமரியை அவற்றுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும். அதை நாங்கள் ‘பெரியவர்’ என்று சொல்வோம்.

மெமரியைப் பக்கம் பக்கமாகப் பிரித்திருப்பார்கள். ஒரு பக்கத்தில் நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு எழுத்துகள் கொள்ளும். உள்ளே ஓடுகிற சிஸ்டம் ஒரு வேலையை முடித்ததும், அதற்காக எடுத்த பக்கங்களைத் தன்னுடைய காலிப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். ஆனால் அவை காலி என்பது பெரியவருக்குத் தெரியாது. இடம் போதாமல் போகும்போது, யாருக்கும் வேண்டாத அந்தப் பக்கங்களையும் பத்திரமாக டிஸ்க்கில் எழுதி வைப்பார். கேட்டால் திரும்பவும் டிஸ்க்கிலிருந்து தூக்கிக்கொண்டு வருவார். பாதி நேரம் மெஷின் இந்தச் சுமைகூலி வேலையிலேயே மூச்சுவாங்கிக்கொண்டிருக்கும்.

சிஸ்டத்தின் உள்மையமான கர்னலில் நான் கொஞ்சம் வரிகளைச் சேர்த்தேன். ‘இந்தந்தப் பக்கங்கள் எனக்கு வேண்டாம்’ என்று சிஸ்டமே பெரியவருக்குத் தகவல் கொடுத்துவிடும். அவர் உடனே அவற்றை எடுத்து, தேவைப்படுகிற வேறொரு சிஸ்டத்துக்குக் கொடுப்பார். அதே பக்கம் பிறகு நமக்கு வேண்டியிருந்தால், சைபர்களாலேயே நிரப்பிய புதுப் பக்கம் ஒன்றைத் தருவார். காலிப் பக்கம்தானே, உள்ளே என்ன இருந்தால் என்ன? மெஷின் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வேகம் பிடித்தது. எங்கள் டைரக்டர் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். அந்த வார்த்தைகளை ஊருக்கு வரும் ரயிலில் எத்தனை தடவை நினைத்துப் பார்த்தேன் என்பதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அந்தத் தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என்னோடு வேலை பார்க்கிற சார் வீட்டுக்கு வந்தார். எனக்கு நாலு வருடம் சீனியர். திண்டிவனத்தில் குடியிருந்துகொண்டு தினமும் பாசஞ்சரில் மெட்ராஸ் வந்து போகிறவர். கையில் தடித்த பிரிண்ட் அவுட் கட்டு. பக்கத்தில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒல்லியான ஒருவர், தோளில் காக்கிப் பையுடன் நின்றிருந்தார்.

“மேடம், இவரு எங்க தெருக்காரரு. கெணத்துல தண்ணி மட்டம் அளக்கிற வேலை. ஆபீஸ்ல மெமோ குடுத்துட்டாங்க. நம்ம பிரிண்ட் அவுட்டப் பாத்துத்தான் குடுத்திருக்காங்க” என்றார் சார்.

விவரம் இதுதான். நிலத்தடி நீர்க் கணக்கெடுப்புக்காக அவர் மாதாமாதம் சைக்கிளிலும் பஸ்ஸிலும் ஊர் ஊராகப் போய், குறித்துவைத்த கிணறுகளில் அளவு டேப்பை இறக்கி, எத்தனை மீட்டர் தண்ணீர் நிற்கிறது என்று எழுதி அனுப்புவார். மெட்ராஸில் அந்தத் தாள்களைக் கம்ப்யூட்டரின் காந்த டேப்பில் ஏற்றி எங்கள் மெஷினில் ஓட்டுவோம். நவம்பர் மாதத்துப் பட்டியலில் அவருடைய கிணறுகளில் பெரும்பகுதிக்கு நேராகச் சைபர் அச்சாகியிருந்தது. மழைக்குப் பயந்து வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு சைபர் போட்டு அனுப்பிவிட்டார் என்பது மெமோ.

“அந்த மாசம் அடிச்ச மழைக்கு எல்லாக் கெணத்துலயும் கைக்கெட்டற தூரத்துல தண்ணி மேடம். அத்தப் போயி யாராவது சைபர்னு எழுதுவாங்களா? பொய் எழுதறவன் கூட ஒரு நம்பரப் போட மாட்டானா?” என்றார் அவர். குரலை உயர்த்தவில்லை. காக்கிப் பையைத் தோளிலிருந்து இறக்கவும் இல்லை.

நான் பிரிண்ட் அவுட்டை வாங்கி மேலோட்டமாகப் புரட்டினேன். “டைப் பண்றவங்க தப்பா அடிச்சிருக்கலாம். இல்லன்னா நீங்க அனுப்பின தாள்லயே…” என்று இழுத்தேன்.

“தாள்லயே இன்னா மேடம்? சொல்லுங்க.”

நான் அடுத்த தாளைப் புரட்டினேன்.

“அப்ப நீங்களும் நான் போவலன்னுதான் சொல்றீங்க” என்றார். பிறகு சாரைப் பார்த்து, “கெடாருக்கு இங்கிருந்து பஸ் இருக்குது சார். அரை மணி நேரம். வந்து அந்த ஊர்ல கேட்டுப் பாருங்க. நான் வந்தனா வரலியான்னு அவங்க சொல்லட்டும்” என்றார்.

சார் தயங்கினார். நான் எழுந்தேன். அந்த மனிதரை முகத்துக்கு நேராகச் சந்தேகப்பட்டுவிட்டோமே என்ற கூச்சம்தான் என்னைக் கிளப்பியது. டியூட்டிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த என் கணவர், “இந்த வயித்த வச்சிக்கினு பஸ்ல போறியா?” என்று கேட்டுவிட்டு, நான் திரும்பாததைப் பார்த்து, “முன் சீட்டுல ஒக்காரு” என்பதோடு விட்டுவிட்டார்.

கெடாரில் இறங்கி, ரோட்டை ஒட்டிய ஒரு கழனிக்குள் அந்த மனிதர் எங்களைக் கூட்டிப் போனார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மண்வெட்டியோடு மல்லாட்டை என்கிற நிலக்கடலைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த அம்மா, அவரைக் கண்டதும் தூரத்திலிருந்தே, “இன்னா, இந்த மாசம் ஜல்தியா வந்துட்ட? கூட யாரு, ஆபீஸருங்களா?” என்றார்.

சார் நேராகவே கேட்டார். “ஏம்மா, நவம்பர் மாசம், நல்ல மழை அடிச்சிதே, அப்ப இவரு அளக்க வந்தாரா?”

“வராம இன்னா? கொட மடங்கிப் போயி, தொப்பலா நனைஞ்சிக்கினு வந்தாரு. மோட்டார் கொட்டாய்ல சித்த ஒக்காருய்யா, மழ உட்டதும் அளக்கலாம்னேன். இன்னும் நாலு கெணறு பாக்கின்னு டேப்ப உட்டுக்கினு நிக்கிறாரு. தடுமாறி உள்ள உழுந்தா யாரு பதில் சொல்றது? யாரு இவரு வரலன்னது? அந்த ஆள இங்க கூட்டியா, நான் பேசறேன்.”

அந்த ஆள் நானும்தான் என்று அவருக்குத் தெரியாது. என் வயிற்றைப் பார்த்து, “ஏழா, எட்டா?” என்று கேட்டு, வரப்பு ஓரமாக ஒரு சாக்கை விரித்து உட்காரச் சொன்னார்.

அளக்க வந்தவர் கிணற்றின் கைப்பிடிச் சுவரில் ஒரு காலை ஊன்றி டேப்பை இறக்கினார். நுனியில் கட்டிய குண்டு கிணற்றின் அடித்தரையைத் தொட்டதும் நிறுத்தி, மேலே இழுத்து, நனைந்திருந்த நீளத்தைப் படித்து, பாலித்தீன் உறை போட்ட நோட்டில் எழுதினார். அந்த நோட்டை வாங்கி நவம்பர் மாதத்துக்குப் புரட்டினேன். ஊதா மை மழைத்துளி பட்டு அங்கங்கே பூத்திருந்தது. ஒவ்வொரு கிணற்றுக்கும் ஓர் அளவு, ஒன்றைப்போல இன்னொன்று இல்லை. சைபர் ஒன்றுகூட இல்லை. காய்ந்த வீட்டில் உட்கார்ந்து எழுதிய நோட்டு அது இல்லை என்று பார்த்த உடனே தெரிந்தது.

மத்தியானம் வீட்டுக்குத் திரும்பினோம். சார் டீ வாங்கிவர ஃப்ளாஸ்க்கை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் போனார். பிரிண்ட் அவுட்டைக் கூடத்தில் தரையில் விரித்தோம். என்னால் குனிய முடியாது. நான் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். கிணறு அளப்பவர் தரையில் மண்டியிட்டு ஊர்ப் பெயர்களை வரிசையாகப் படித்துக்கொண்டே வந்தார்.

ஒரு விஷயம் உறுத்தியது. சைபர்கள் ஊர் தொடங்கும் இடத்தில் தொடங்கவில்லை. கெடாரின் ஐந்தாவது கிணற்றில் தொடங்கி, நடுவில் உள்ள ஊர்களையெல்லாம் தாண்டி, அனந்தபுரத்தில் மூன்றாவது கிணற்றோடு நின்றன. சோம்பேறித்தனமாக வேலைக்குப் போகாதவர் ஓர் ஊரை முழுசாகத்தானே விடுவார்? கெடாரில் முதல் நாலு கிணற்றை அளந்துவிட்டு ஐந்தாவதை ஏன் விட வேண்டும்?

“எத்தனைன்னு எண்ணுங்க” என்றேன்.

விரலை வைத்து எண்ணினார். “அறுவத்தி நாலு மேடம்.”

“வேற எங்கயாவது இப்பிடி வருதா பாருங்க.”

தாள்களைப் புரட்டிக்கொண்டே போனார். கண்டமங்கலத்துப் பக்கம் இன்னொரு சைபர்க் கூட்டம் இருந்தது. அது வேறு ஒருவர் அளக்கும் பகுதி. “அந்தாளுக்கும் மெமோ வரப்போவுது, பாவம்” என்று சொல்லிக்கொண்டே எண்ணினார். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். “இதுவும் அறுவத்தி நாலுதான். இன்னா மேடம், சொல்லி வச்சா மாதிரி?”

கிணற்றின் பெயரும் ஊரும் ஒரு கோப்பில் இருக்கும், அளவுகள் வேறொரு கோப்பில் அதே வரிசையில் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். அளவுக் கோப்பில் ஒரு கிணற்றுக்கு அறுபத்து நான்கு எழுத்து இடம். அறுபத்து நான்கு கிணறு சேர்ந்தால் நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு. மெமரியில் சரியாக ஒரு பக்கம். பெயர்கள் பத்திரமாக இருக்க, அளவுகள் மட்டும் பக்கம் பக்கமாகச் சைபராகியிருக்கின்றன. மெஷினில் சைபர் நிரப்பிய பக்கத்தைத் தருகிறவர் ஒரே ஒருவர்தான், பெரியவர். அவரிடம் பக்கங்களைத் திருப்பிக் கொடுக்கும் வரிகளை எழுதியது நான்.

டீயோடு சார் வந்தார். “அசதியா இருக்கு சார். நாளைக்கு யோசிச்சுச் சொல்றேன்” என்றேன். இருவரும் நாலு மணி பாசஞ்சருக்குக் கிளம்பினார்கள். போகும்போது கிணறு அளப்பவர், “வெயில்ல அலைய விட்டுட்டேன், மன்னிச்சிக்கோங்க மேடம்” என்றார். அதைக் கேட்டும் நான் வாயைத் திறக்கவில்லை.

அவர்கள் போன பிறகு எனக்கு முதலில் வந்தது அவரைப் பற்றிய நினைப்பு இல்லை. டைரக்டர் முகம், பாராட்டு, திரும்பப் போனால் மற்றவர்கள் பார்க்கப்போகிற பார்வை, இவைதான் வந்தன. சார் மூலமாகச் சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாமா, டேப் கோளாறு என்று எழுதிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

சாயங்காலம் என் கணவர் டியூட்டி முடிந்து வந்தார். முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனாலும் பொறுமையாகக் கேட்டார். காலிப் பக்கங்களை முதலில் பட்டியலிடுகிறேன், பிறகு அந்தப் பட்டியலைப் பெரியவரிடம் கொடுக்கிறேன் என்றேன். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது கண்ணிமைக்கிற நேரம்கூட இல்லை. ஆனால் அந்த நேரத்துக்குள் டேப்பிலிருந்து அளவுகள் வந்து இறங்கினால், சிஸ்டம் காலிப் பக்கம் ஒன்றை எடுத்து அவற்றுக்குக் கொடுத்துவிடும். என் கையில் இருக்கிற பட்டியலில் அந்தப் பக்கம் இன்னும் காலி என்றே இருக்கும். நான் அதையும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அளவுகள் போயே போச்சு.

“நாங்க மொதல்ல தண்டவாளம் பிரியற பாயிண்ட்டப் பூட்டுவோம். அப்புறம்தான் சிக்னல் குடுப்போம். நீ பூட்டாமயே குடுத்துட்ட” என்றார்.

அவ்வளவுதான் விஷயம். முதலில் அந்தப் பக்கங்களை யாரும் எடுக்க முடியாதபடி காலிப் பட்டியலிலிருந்து உருவிவிட வேண்டும். பிறகு பெரியவரிடம் சொல்ல வேண்டும். அவர் எடுத்துக்கொண்ட பின்தான் திரும்பப் பட்டியலில் சேர்க்க வேண்டும். பழைய பிரிண்ட் அவுட்டின் பின்பக்கத்தில் பத்துப் பதினைந்து வரிகளை எழுதி முடித்தேன்.

“அந்தாளுகிட்ட சொன்னியா?” என்று கேட்டார் கணவர்.

“இல்ல.”

விடிந்ததும் திண்டிவனம் வழியாகப் போகும் முதல் பாசஞ்சரில் என்னை ஏற்றிவிட்டார். டாக்டரம்மா சொன்னதைப் பற்றி இருவருமே பேசவில்லை.

திண்டிவனம் பிளாட்பாரத்தில் சார் டிபன் கேரியருடன் அதே ரயிலுக்குக் காத்துக்கொண்டிருந்தார். நான் இறங்குவதைப் பார்த்துப் பதறிப்போய் ஓடிவந்தார். தாளை அவர் கையில் கொடுத்து, நின்றபடியே விஷயத்தைச் சொன்னேன். அவர் தாளைப் படித்தார். இன்னொரு முறை படித்தார். “நானுந்தானே ரெவ்யூ பண்ணேன். எனக்கும் தெரியலியே” என்றார். ரயில் ஊதியது. அவர் ஏறவில்லை. “வாங்க, அவரு சைக்கிள எடுக்கறதுக்குள்ள போயிரலாம்” என்று ரிக்ஷா கூப்பிட்டார்.

கிணறு அளப்பவர் வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். ரிக்ஷாவில் வரும்போது எத்தனையோ வார்த்தைகளைத் தயார் செய்திருந்தேன். எதுவும் நினைவுக்கு வரவில்லை.

“தப்பு என்னோடதுங்க. நீங்க அனுப்பினது சரியாத்தான் இருந்திருக்கு. நான் எழுதின புரோகிராம் அதை அழிச்சிடுச்சு. நேத்தே எனக்குத் தெரிஞ்சிபோச்சு. சொல்லாம இருந்துட்டேன்.”

அவர் துணியை சைக்கிள் மேல் போட்டார். பிறகு உள்ளே திரும்பி, “கேட்டுக்கினியா?” என்று மனைவியிடம் மட்டும் சொன்னார். அப்புறம்தான் என் பக்கம் திரும்பினார். “ஒரு மாசமா வூட்டுலயே நம்பல மேடம். கம்ப்யூட்டர் சொல்லுதே, அது இன்னா உன்னாட்டம் மனுசனா பொய் சொல்றதுக்குன்னு கேக்குது. பெரிய பேஜாராப் போச்சி.” அவர் மனைவி எனக்கு ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார்.

“எங்க ஆபீஸர் முன்னாடி இதச் சொல்வீங்களா?” என்று கேட்டார் அளப்பவர்.

சொன்னேன். பத்து மணிக்கு அவருடைய அலுவலகம் திறக்கும்வரை அங்கேயே இருந்து, மூவரும் போனோம். நடந்ததை ஒரு முழுத் தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டினேன். அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “கம்ப்யூட்டர் தப்புப் பண்ணுமாம்மா?” என்றார்.

“கம்ப்யூட்டர் பண்ணல சார். நான் பண்ணேன்.”

அவர் கடிதத்தை ஃபைலில் வைத்தார். இரண்டு வாரம் கழித்து, மெமோ ரத்து செய்யப்படுகிறது என்று இரண்டு வரியில் ஒரு தாள் கிணறு அளப்பவருக்கு வந்தது. வருத்தம் தெரிவித்து ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. ஆனாலும் அந்தத் தாளை அவர் பல நாள் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார் என்று சார் சொன்னார். கண்டமங்கலம்காரருக்கு மெமோ போகவே இல்லை.

மெட்ராஸில் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. டைரக்டர் என் வரிகளை முழுவதுமாக எடுத்துவிடச் சொன்னார். மெஷின் பழையபடி நத்தையாக ஊர்ந்தது. வேறு யாருடைய வேலையெல்லாம் இப்படிக் கெட்டதோ என்று எனக்கு வீட்டில் உட்கார்ந்திருக்கவே முடியவில்லை. சார் ஒரு வாரம் அக்டோபரிலிருந்து ஓடிய எல்லாவற்றையும் தேடிப் பார்த்தார். விதை இருப்புப் பட்டியல் ஒன்றில் மட்டும் இன்னொரு பக்கம் போயிருந்தது. இரண்டுக்குமே மூல டேப்புகள் பத்திரமாக இருந்தன. திரும்ப ஓட்டினார்கள்.

கிணற்று அளவுகளை அந்த ஊதா மை நோட்டோடு ஒப்பிட்டார் சார். அறுபத்து மூன்று பொருந்தியது. ஒன்றுமட்டும் இடித்தது. அது அளந்தவர் தாளில் ஏழை ஒன்று மாதிரி எழுதியதால் வந்தது. அதைச் சொன்னதும், “அப்பிடின்னா ஒண்ணு என் தப்பு” என்று அவர் சிரித்தாராம். எனக்கும் அதைக் கேட்டபோதுதான் அந்த மாதத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

பங்குனியில் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. நான் வேலைக்குத் திரும்புவதற்குள், நான் திருத்தி எழுதிக் கொடுத்த வரிகளைச் சார் பலமுறை சோதித்துப் பார்த்து, டைரக்டரிடம் மன்றாடி மறுபடியும் சேர்த்திருந்தார். அதன்பின் ஒரு பக்கமும் தவறிப்போகவில்லை. பாராட்டுக்கூட்டம் எதுவும் நடக்கவில்லை. எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு ஒரு வருடம் தள்ளிப்போனது. அதைப் பற்றி நான் யாரிடமும் கேட்கவில்லை.

வேலைக்குத் திரும்பிய மாதம், அலுவலக முகவரிக்கு ஒரு தபால் கார்டு வந்தது. திண்டிவனம் முத்திரை. ஊதா மையில் மூன்று கிணறுகளின் பெயரும் அந்த மாதத்து அளவுகளும். ஏழு இப்போது குறுக்குக்கோட்டோடு எழுதப்பட்டிருந்தது. கீழே ஒரே வரி: ‘பிரிண்டில் சரிபார்த்துக்கொள்ளவும்.’ ஹாலுக்குப் போய்ப் பட்டியலைப் புரட்டி மூன்றையும் பார்த்தேன். சரியாக இருந்தது. ‘சரியாக உள்ளது’ என்று பதில் கார்டு போட்டேன். மறுமாதம் வேறு மூன்று கிணறுகள் வந்தன.